தமிழில் அறிவிப்பு வெளியிடும் அலுவலகங்களுக்கு: ஊர்ப்பெயரையும் சொல்லையும் சரிபார்த்துவிட்டு ஒட்டுங்கள்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

சிங்கப்பூரில் உள்ள நகர மன்றங்கள், மருந்தகங்கள், ஊழியர் தங்கும் விடுதிகள், பயிற்சி நிலையங்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனங்கள் என, நான்கு மொழிகளில் அறிவிப்பு வெளியிடும் எல்லா இடங்களின் தகவல் தொடர்புப் பிரிவுகளுக்கும் இந்த மடலை எழுதுகிறோம். உங்கள் ஆங்கிலப் பக்கத்தை இரண்டு மூன்று பேர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியிடுகிறீர்கள். தமிழ்ப் பக்கத்தையோ அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளன்று மென்பொருளில் போட்டு எடுக்கிறீர்கள். தமிழ் எழுத்தே தெரியாத வடிவமைப்பாளர் அதை ஒட்டுகிறார். ஒருவர்கூடப் படிக்காமல் அது சுவருக்குப் போகிறது. தமிழில் ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்கிற இந்தப் போக்கை இனியும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தமிழ் அறிவிப்புகளைத் திருத்தும் வேலையில் இருக்கும் எங்களிடம் அவை வந்து சேர்வது பெரும்பாலும் ஒட்டப்பட்ட பிறகுதான்.

அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் உங்கள் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. அதைக் கடைசி வரி வரை படிப்பவர்கள், வேறு எதையும் படிக்க வழியில்லாத மூத்தோரும், தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்பவர்களும்தான். தமிழ்ப் பக்கம் தவறினால் அவர்களுக்கு மாற்றுப் பக்கம் கிடையாது.

ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்குகிறோம். நம் ரயில் பாதைகளில் ஃபேரர் பார்க், ஃபேரர் ரோடு என்று இரண்டு நிலையங்கள் உண்டு. ஃபேரர் பார்க் வடகிழக்குப் பாதையில், லிட்டில் இந்தியாவுக்கு அடுத்தது. ஃபேரர் ரோடு வட்டப் பாதையில், பொட்டானிக் கார்டன்ஸுக்கும் ஹாலண்ட் வில்லேஜுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்றில் இறங்க வேண்டியவர் மற்றதில் இறங்கினால் மறுபடி ரயில் ஏற வேண்டியதுதான். தமிழ்த் தாள்களில் இவை ‘ஃபேரர் பூங்கா’ என்றும் ‘ஃபேரர் சாலை’ என்றும், சில நேரம் வெறும் ‘ஃபேரர்’ என்றும் வருகின்றன. ரயிலுக்குள் ஒலிக்கும் குரலோ ‘ஃபேரர் பார்க்’ என்கிறது. காதில் விழுவதும் கையிலுள்ள தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், ஊருக்குப் புதியவர் எதை நம்புவார்? ஊட்ரம் பார்க், கிங் ஆல்பர்ட் பார்க், காத்தோங் பார்க் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நிலையத்தின் பெயரில் உள்ள பார்க் பெயரின் பகுதி. அதைப் பூங்கா ஆக்கக் கூடாது.

இதற்கு விதிவிலக்கு, தமிழர்கள் தாங்களே வழங்கிவரும் பெயர்கள். பொட்டானிக் கார்டன்ஸைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் தலைமுறைகளாகப் பூமலை என்கிறார்கள். மென்பொருள் அதைத் ‘தாவரவியல் பூங்கா’ என்று எழுதும். அகராதிப்படி அது சரி. ஆனால் இங்குள்ள பாட்டிக்குப் பூமலைதான் தெரியும். சிவகங்கையிலிருந்து போன மாதம் வந்தவருக்குப் பூமலையும் தெரியாது. அதனால் ‘பூமலை, அதாவது பொட்டானிக் கார்டன்ஸ்’ என்று இரண்டையும் போடுங்கள். ஒரு வரி கூடும், இருவருக்கும் வழி தெரியும்.

பெயரைப் பெயராகப் பார்க்காமல் ஆங்கிலச் சொல்லாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பது 2014-இல் ஊரறியத் தெரிந்தது. லாவ் பா சாட் உணவங்காடியைக் காட்டும் பலகையில் ‘சாட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சனி’ என்று இருந்தது. அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் சனிக்கிழமையின் சுருக்கமாகவும் நிற்கும். லாவ் என்றால் பழைய. பா சாட் என்பது சந்தையைக் குறிக்கும் பாசார் என்ற சொல்லின் ஹொக்கியன் உச்சரிப்பு. ‘சனி’ என்பது தமிழர் வாயில் என்னவெல்லாம் பொருள் தரும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அந்தப் பலகை நடப்பட்டிருக்காது.

ஒலிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றைத் தகரம் வந்தால் அது மென்மையாக ஒலிக்கும். ஆகவே புக்கிட் பாத்தோக்கைப் ‘பாதோக்’ என்று எழுதினால் படிப்பவர் வாயில் வேறு ஊர் வருகிறது. தகரத்தை இரட்டிக்க வேண்டும். பாத்தாம் தீவை அவசரத்தில் ‘பத்தாம்’ என்று போட்டு, ‘பத்தாம் படகு முனையம்’ என்று அச்சிட்டால் எண் பத்தாகப் படிக்கப்படும். புக்கிட் என்று தொடங்கும் ஊர்கள் இங்கே பல: தீமா, பாத்தோக், பாஞ்சாங், மேரா, கொம்பாக். தஞ்சோங் என்றால் பகார், காத்தோங், ரூ என்று சில. 2024-இல் தஞ்சோங் காத்தோங்கில் ரயில் நிலையமும் வந்துவிட்டது. இட நெருக்கடிக்காக முன்சொல்லை மட்டும் வைத்து வெட்டுவதும், முன்சொல் ஒரு வரியிலும் பின்சொல் அடுத்த வரியிலுமாகப் பிரிப்பதும் கூடாது.

எழுத்துக்கூட்டு ஒரே மாதிரி இல்லாததால் வரும் சிக்கல் இணையத்தில் இன்னும் மோசம். ஒரே ஊர் தெம்பனிஸ், தெம்பனீஸ், தெம்பினிஸ், டாம்பனீஸ் என நான்கு விதமாக எழுதப்படுகிறது. ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றில் உள்ள அறிவிப்பு கிடைக்காது. ஒரே அலுவலகத்தின் ஒரே தாளில் தலைப்பில் ஒன்றும் முகவரியில் வேறொன்றுமாக வருவதை என்ன சொல்வது?

பெயர் ஒரு பக்கமும் இடம் இன்னொரு பக்கமுமாக இருக்கும் ஊர்களும் உண்டு. சாங்கி பொது மருத்துவமனை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. அதற்கு அருகிலுள்ள நிலையம் சிமெய். தானா மேரா ரயில் நிலையத்தில் இறங்கினால் தானா மேரா படகு முனையத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகாது. அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பிந்தானுக்கான படகுகள் தானா மேராவிலிருந்து புறப்படுகின்றன. பாத்தாம் சென்டர், செகுப்பாங் படகுகள் பெரும்பாலும் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து. பாத்தாமிலேயே உள்ள நொங்சாபுராவுக்கோ மறுபடி தானா மேராதான். ‘பாத்தாம் படகு, முனையத்தில் கூடவும்’ என்று மட்டும் எழுதிய சுற்றுலாத் தாள் ஒரு குடும்பத்தின் பயணச்சீட்டை வீணாக்கப் போதும். ஜோகூருக்குப் போகும் வழிகளும் அப்படியே. உட்லண்ட்ஸ் கடற்பாலம் வேறு, 1998-இல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு வேறு. பாலத்தில் நெரிசல் என்றால், எந்தப் பாலம் என்று சொல்ல வேண்டும்.

ஈசூன், நீ சூன் இரண்டும் லிம் நீ சூன் என்ற ஒரே மனிதரின் பெயரிலிருந்து வந்தவை. முன்னது மாண்டரின் வடிவம், பின்னது பழைய வடிவம். நகரம் ஈசூன், குழுத்தொகுதி நீ சூன். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது. பெயர் மாற்றம் எவ்வளவு சங்கடம் தரும் என்பதைத் தேக்கா கண்டது. 1982-இல் அந்தச் சந்தைக்கு ஜூஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். 2000-இல் மறுபடி தேக்கா என்றே ஆயிற்று. மக்கள் வாயில் நிற்கிற பெயரைத்தான் பலகையும் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பெயர்களில் தமிழ் எழுத்தின் இயல்பே ஒரு கண்ணியை வைக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தால் வேறுபடுகிற பெயர்கள் தமிழில் ஒன்றாகிவிடும். தென்னமெரிக்காவில் உள்ள நாடும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் பின்பாதியும், வாஷிங்டனை உள்ளடக்கிய மாவட்டமும் தமிழில் கொலம்பியாதான். கயானா என்று எழுதினால் ஜார்ஜ்டவுனைத் தலைநகராகக் கொண்ட தனி நாடா, பிரான்சின் ஆட்சிப் பகுதியான பிரெஞ்சு கயானாவா என்று தெரியாது. ஜார்ஜ்டவுன் என்ற பெயரே பினாங்கிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. மாலி என்றால் ஆப்பிரிக்க நாடு. மாலத்தீவின் தலைநகர் மாலே. இரண்டையும் ‘மாலி’ என்றே அச்சிட்ட பயணத் தாள்கள் உண்டு. ஜார்ஜியா ஒரு நாடு, அமெரிக்காவில் ஒரு மாநிலமும்கூட. கினி என்றால் கினி, கினி-பிசாவ், எக்குவடோரியல் கினி, பாப்புவா நியூ கினி என்று நான்கு நாடுகள்; நான்காவது மற்ற மூன்றுக்கும் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருக்கிறது. இதற்கு மருந்து எளிது: முதல்முறை வரும்போது எந்த நாடு, எந்தக் கண்டம் என்று ஓரிரு சொல் சேர்த்து எழுதுவது.

ஐக்கிய இராச்சியத்தை ‘இங்கிலாந்து’ என்று எழுதும் பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது பிரிட்டன். அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்ததுதான் ஐக்கிய இராச்சியம். பயணக் காப்புறுதித் தாளில் ‘இங்கிலாந்து’ என்று போட்டால், எடின்பரோவில் படிக்கும் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று பெற்றோர் குழம்புவார்கள்.

இனிச் சொற்கள். இவற்றில் பாதிப் பிழை ஆங்கில மூலத்திலேயே தொடங்குகிறது. நம் அலுவலகங்களில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் எழுதுவது. அந்தச் சொல்லின் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. ‘வெள்ளிக்கிழமைக்குள் ரிவர்ட் செய்யவும்’ என்ற பொருளில் நீங்கள் எழுதியதை மென்பொருள் ‘வெள்ளிக்கிழமைக்குள் திரும்பவும்’ என்று தரும். படிப்பவர் நேரில் வந்து நிற்பார். கட்டவேண்டிய ‘அவுட்ஸ்டாண்டிங்’ தொகை நிலுவைத் தொகை. அது ‘சிறப்பான தொகை’ ஆகிவிடக் கூடாது. ‘வாய்ட் டெக்’ என்பதில் உள்ள வாய்ட் வேறு, பற்றுச்சீட்டு ‘வாய்ட்’ என்பது வேறு. முன்னது புளோக்கின் கீழ்த்தளம், பின்னது செல்லாது.

பணம் பற்றிய தாள்களில் நான்கு வெவ்வேறு உதவிகள் ‘மானியம்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. சப்சிடி என்றால் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, மீதியை நீங்கள் கட்ட வேண்டும். கிராண்ட் என்பது ஒரு தேவைக்காகக் கொடுக்கப்படும் தொகை. ரிபேட் உங்கள் கட்டணப் பட்டியலிலிருந்து தானாகவே கழிக்கப்படும், விண்ணப்பிக்கத் தேவையில்லாததாகவும் இருக்கலாம். வெய்வர் என்றால் கட்டவே வேண்டாம். இந்தக் கடைசியைச் சில தாள்களில் ‘தள்ளுபடி’ என்றும் எழுதுகிறீர்கள். தள்ளுபடி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடையில் விலை குறைப்பது, நீதிமன்றத்தில் மனுவை ஒதுக்குவது. ‘உங்கள் கட்டணம் தள்ளுபடி’ என்று படித்த மூத்தவர், குறைந்த விலையையாவது கட்டலாம் என்று கையில் பணத்தோடு வந்து வரிசையில் நிற்கிறார். ‘இந்தக் கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டாம்’ என்று எழுதுங்கள்.

கெடு நாளில் வரும் பிழை இன்னும் கொடியது. ஆங்கிலத்தில் ‘பை’ என்றால் அந்த நாளுக்குள் ஒருமுறை செய்து முடிப்பது, ‘அன்டில்’ என்றால் அந்த நாள்வரை தொடர்வது. ‘மார்ச் 31க்குள் படிவத்தைக் கொடுக்கவும்’ என்பதும் ‘மார்ச் 31 வரை முகப்பு திறந்திருக்கும்’ என்பதும் இரு வேறு செய்திகள். இரண்டுக்கும் ‘வரை’ போட்டுவிடுகிறீர்கள். மார்ச் 31 கணக்கில் சேருமா, எத்தனை மணிவரை என்பதும் வேண்டும். ‘மார்ச் 31, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணிக்குள்’ என்று நாள், கிழமை, நேரம் மூன்றையும் போட்டால் ஐயமே வராது. 05/06 என்று எண்ணில் மட்டும் எழுதாதீர்கள். மாதத்தின் பெயரை எழுதுங்கள். வெள்ளிக்கிழமையைச் சுருக்கி ‘வெள்ளி’ என்றும் போடாதீர்கள், இங்கே டாலரும் வெள்ளிதான்.

‘ரெசிடென்ட்’ என்ற சொல் தகுதி விதிகளில் வரும். புள்ளிவிவரங்களில் சிங்கப்பூர் ரெசிடென்ட் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். தமிழில் ‘குடியிருப்பாளர்’ என்றால் அந்தப் புளோக்கில் குடியிருக்கும் எவரும். வேலை அனுமதியில் இருப்பவர் அதை நம்பி அரைநாள் விடுப்பு எடுத்து வந்து திரும்புகிறார். யார் யாருக்கு என்று பெயர் சொல்லி எழுதிவிடுவதே நியாயம்.

மருத்துவத் தாள்களில் நாங்கள் அதிகம் அஞ்சுவது ஒரு சாதாரணச் சொல்லைப் பார்த்து. ரத்தப் பரிசோதனைக்கு முன் சாப்பிடாமல் இருப்பதை ‘விரதம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். தமிழ் வீட்டில் விரதம் என்றால் சோறுதான் இல்லை. பால் உண்டு, பழம் உண்டு, சர்க்கரை போட்ட காப்பியும் பலருக்கு உண்டு. சஷ்டியும் ஏகாதசியும் இருந்து பழகிய அம்மா காலையில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு, ‘விரதமாகத்தான் வந்திருக்கிறேன்’ என்று மனதார நம்பிச் சொல்வார். சர்க்கரை அளவு கூடுதலாகக் காட்டும். பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும், அல்லது தவறான எண்ணை வைத்து மருந்தைக் கூட்டிவிடுவார்கள். ‘இத்தனை மணியிலிருந்து வெறும் வயிற்றில் இருங்கள். பால், காப்பி, தேநீர், பழம் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம்’ என்று, அந்தப் பரிசோதனையின் விதிப்படி முழுதாக எழுதுங்கள்.

‘டிரக் அலர்ஜி’யில் உள்ள டிரக் மருந்து, அங்கே போதைப்பொருள் என்று வரக் கூடாது. இந்த ஊரில் அந்தச் சொல்லைப் பார்த்தவர் படிவத்தைத் தொடவே பயப்படுவார். கிருமிப் பரிசோதனையின் ‘பாசிட்டிவ்’ முடிவை ‘நேர்மறை’ என்றால் நல்ல செய்தி என்றே படிப்பார்கள். ‘கிருமி இருப்பது தெரிகிறது’ என்று எழுதினால் புரியும். ‘அக்யூட்’ என்பது திடீரென்று வந்தது, ‘குரோனிக்’ என்பது நாட்பட்டது; குரோனிக் என்றால் முற்றியது என்று ஆங்கிலம் பேசுவோரே தவறாக நினைப்பதால் மொழிபெயர்ப்பிலும் அது தொற்றிக்கொள்கிறது. ‘மருந்தகம்’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. சிங்கப்பூரில் அது மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் இடம். தமிழகத்தில் அது மருந்துக் கடை. விடுதிச் சுவரில் ‘காய்ச்சல் என்றால் மருந்தகத்துக்குச் செல்லவும்’ என்று ஒட்டினால், மாத்திரை வாங்கி வந்து படுத்துக்கொள்வார். ‘மருந்தகத்தில் டாக்டரைப் பார்க்கவும்’ என்று சேர்த்து எழுதினால் போதும்.

வேலையிடத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றும். முன்னொட்டைப் பார்த்து எதிர்ப்பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. தின்னர் டின்னின் மேல் ‘தீப்பற்றாதது’ என்று ஒரு தமிழ்த் தாள் ஒட்டப்பட்டால், பக்கத்தில் வெல்டிங் வைப்பதற்கு யார் தடை?

இத்தனையும் சரியாக எழுதிய பின்னும் அச்சில் கெடும். 2017 தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் தாளில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வடிவமைப்பு மென்பொருள் தமிழ் எழுத்தைக் கோக்கும் முறைக்கு மாற்றப்படாமல் இருப்பது. இன்டிசைனில் பாரக்ராஃப் பலகத்தின் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாரக்ராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகும், ‘கொ’ மூன்று துண்டாகும், புள்ளி நகரும். எழுத்துரு யுனிகோடாக இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி கொடுக்காதீர்கள். தமிழ் வரி ஆங்கில வரியைவிட நீளும் என்பதால் பெட்டியை முதலிலேயே பெரிதாக வையுங்கள். இடம் போதாமல் கடைசிச் சொல்லை வெட்டும்போது வெட்டுப்படுவது தமிழ் வினைச்சொல். ‘செய்யவும்’ என்பதா ‘செய்யாதீர்கள்’ என்பதா என்பது அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது.

2014 முதல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு இருக்கிறது. அரசாங்கச் சொற்களுக்குச் சொற்பட்டியலும் இணையத்தில் இருக்கிறது. ஆகவே வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

ஊர்ப்பெயர், நிலையம், திட்டப்பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ் வடிவத்தை முடிவுசெய்து, உங்கள் அலுவலகப் பட்டியலாக வைத்து, வடிவமைப்பாளர், குத்தகையாளர் எல்லாரிடமும் கொடுங்கள். அரசாங்கச் சொற்பட்டியலில் இருப்பதை முதலில் எடுங்கள். இல்லாததை மட்டும் புதிதாக எழுதுங்கள். இடப்பெயர் வரும் இடத்தில் பலகையில் உள்ள ஆங்கில எழுத்திலும் அதைச் சேர்த்து அச்சிடுங்கள்.

மொழிபெயர்ப்பவருக்கு ஆங்கிலத் தாளை மட்டும் அனுப்பாமல், இதைப் படிப்பவர் யார், எங்கே போக வேண்டும், எதற்குள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று நான்கு வரிக் குறிப்பும் அனுப்புங்கள். குறைந்தது மூன்று வேலை நாள் கொடுங்கள்.

மென்பொருளைப் பயன்படுத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. அது தந்ததை ஒருவர் முழுதாகப் படிக்காமல் வெளியிடுவதை எதிர்க்கிறோம். அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப்பைத் தமிழ் தெரிந்தவர் படித்துப் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விடுதி, வேலையிடத் தாள்களைத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரும் படித்துப் பார்க்கட்டும். இந்த வேலைக்குக் கூலி கொடுங்கள். அலுவலகத்தில் இருக்கும் ஒரே தமிழரிடம் ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மதிய உணவு நேரத்தில் நீட்டாதீர்கள்.

ஒவ்வொரு தமிழ்த் தாளின் அடியிலும், பிழையைத் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஒன்று இருக்கட்டும். தெரிவித்த இரண்டு வேலை நாளுக்குள் அந்தத் தாளை எடுத்துவிட்டு, திருத்தியதை ஒட்டுங்கள்.

ஏற்கெனவே ஒட்டியிருப்பவற்றில் ரத்தப் பரிசோதனைத் தாளையும், தீப்பற்றும் பொருள் பற்றிய எச்சரிக்கையையும், கெடு நாள் உள்ள விண்ணப்பத் தாளையும் முதலில் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘விரதம்’, ‘தீப்பற்றாதது’, ‘31 வரை’ என்று எங்கேயாவது இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
தமிழ் அறிவிப்புகளைத் திருத்தும் பணியில் உள்ளோர்
சிங்கப்பூர்